பஞ்சுவுக்குத் திடீர்னு என்ன ஆச்சு?

தஞ்சாவூரில் ஒரு வீடு. காலை ஐந்தரை மணி. வாசல் தெளிக்க எழுந்த அந்த அம்மா, தாழ்ப்பாளை விலக்கிவிட்டு வழக்கம்போல ஒரு நிமிடம் நின்றார். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் கூடத்திலிருந்து ஓடி வந்து, அவர் காலைச் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போவது பஞ்சுதான். அன்றைக்கு வரவில்லை.

பஞ்சு ஒரு வெள்ளை பொமரேனியன். 13 வயது, 7 கிலோ எடை. கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிவந்த குட்டி. அவர் இறந்து நாலு வருடமாகிறது. மகன் பெங்களூரில். வீட்டில் இப்போது அம்மாவும் பஞ்சுவும் மட்டும்தான்.

உள்ளே போய்ப் பார்த்தால், பஞ்சு சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. தலை இடப்பக்கமாகத் திருகியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழப் பார்த்தது. நாலு காலும் நாலு பக்கம் போக, அதே இடப்பக்கமே விழுந்தது. கண்கள் இரண்டும் இப்படியும் அப்படியுமாக விடாமல் ஓடிக்கொண்டிருந்தன, ரயில் ஜன்னலில் உட்கார்ந்து தந்திக்கம்பங்களைப் பார்ப்பவரின் கண்களைப் போல. பக்கத்தில் மஞ்சளாக வாந்தி. முந்தின இரவு எட்டு மணிக்குத் தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக வாலாட்டிவிட்டுப் படுத்த நாய் அது.

அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மருமகள் ஓடி வந்தாள். பின்னாலேயே பக்கத்து வீட்டுப் பெரியவர். பார்த்ததுமே அவர் சொல்லிவிட்டார். "பக்கவாதம்மா இது. வயசும் ஆயிடுச்சு. இழுத்துக்கிட்டு கிடக்க விடாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க. அதுதான் நாம செய்யற புண்ணியம்." அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. தன் வீட்டு நாயை அப்படித்தான் அழுதுகொண்டே அனுப்பியவர்.

மகன் போனில் வந்தான். "அம்மா, நீ தனியா எப்படிம்மா பார்த்துப்ப? டாக்டர் என்ன சொல்றாரோ அப்படியே செஞ்சுடு. நான் ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கிறேன்."

ஆக, மணி ஏழு ஆவதற்குள், எந்த டாக்டரும் பஞ்சுவைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, அதன் முடிவு ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

வயதான செல்லப்பிராணி இருக்கும் பல வீடுகளில் இப்படி ஒரு காலை வருகிறது. நேற்று வரை நன்றாக இருந்தது, இன்றைக்கு எழவில்லை. என்ன நோய் என்று தெரியாது. பயம் மட்டும் இருக்கிறது. அந்தப் பயத்தில் அவசர முடிவுகளும் எடுக்கப்படுகின்றன, தவறான வைத்தியமும் நடக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

முதல் அரைமணி நேரம்

முதல் விஷயம், நாய் படுத்திருக்கும் இடத்தைப் பாதுகாப்பாக்குங்கள். கட்டில், சோபா, மாடிப்படி பக்கத்தில் வேண்டாம். தரையில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் தலையணை வைத்தால் உருண்டுபோய் முட்டிக்கொள்ளாது.

இரண்டாவது, வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தலையை நிமிர்த்த முடியாத நாய்க்குப் பாலையோ, தண்ணீரையோ, குளுக்கோஸையோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. பயத்தில் அந்த அம்மாவும் முதலில் ஸ்பூனைத்தான் தேடினார். எதிர்வீட்டு மருமகள்தான், "வேணாம் அத்தை, பொரை ஏறிடப் போவுது" என்று தடுத்தாள்.

மூன்றாவது, மனிதர் சாப்பிடும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால், ஐப்யூபுரூஃபன் போன்றவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுத்துவிடும். சின்ன நாய்க்கு ஒரு மாத்திரையே பெரிய அளவு. நாயைத் தொட்டால் சுடுகிறதே என்று பதறவும் வேண்டாம். நாயின் சாதாரண உடல் வெப்பமே நம்முடையதைவிட அதிகம். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதற்கு இயல்பு.

நான்காவது, உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் போய், இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். (சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்க்கலாம்.) ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஐந்தாவது, கையில் இருக்கும் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துவிடுங்கள். 'இந்த நேரத்தில் வீடியோவா?' என்று தோன்றும். ஆனால், டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது நாய் வேறு மாதிரி இருக்கலாம். கண் எந்தப் பக்கம் ஓடியது, எந்தப் பக்கம் விழுந்தது, வலிப்பா தள்ளாட்டமா என்பதையெல்லாம் வாயால் சொல்வதைவிட அந்த ஒரு நிமிட வீடியோ தெளிவாகச் சொல்லிவிடும்.

டாக்டரம்மா என்ன பார்த்தார்?

எதிர்வீட்டு மருமகளின் ஸ்கூட்டரில், துணிக்கூடைக்குள் போர்வை சுற்றி பஞ்சுவை உட்காரவைத்து எடுத்துப் போனார்கள். அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே போனார். மருத்துவமனையில் முதல் வார்த்தையாக அவர் சொன்னது: "டாக்டர், வலியில்லாம அனுப்பிடலாமா?"

டாக்டரம்மா பதில் சொல்லவில்லை. "முதல்ல பார்த்துடறேன்மா" என்று மேசையில் படுக்கவைத்தார்.

வீடியோவைப் பார்த்தார். கண்கள் பக்கவாட்டில்தான் ஓடுகின்றன, மேலும் கீழுமாக இல்லை என்று குறித்துக்கொண்டார். இரண்டு காதுகளுக்குள்ளும் விளக்கு அடித்துப் பார்த்தார். சீழ், நாற்றம், வீக்கம் இல்லை. நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். பிறகு, பஞ்சுவைத் தாங்கிப் பிடித்து நிற்கவைத்து, முன்னங்கால் பாதத்தை மடக்கித் தலைகீழாக வைத்தார். பஞ்சு உடனே பாதத்தைத் திருப்பிச் சரியாக ஊன்றியது. நாலு காலுக்கும் அப்படியே செய்து பார்த்தார். நாலும் சரியாகத் திரும்பின.

பார்க்கச் சின்ன விளையாட்டு போலத் தெரியும் இந்தச் சோதனை முக்கியமானது. மூளையில் பெரிய பாதிப்பு இருந்தால், பாதம் மடங்கியிருப்பதே நாய்க்குத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். கண்கள் மேலும் கீழுமாக ஓடுவது, கூப்பிட்டால் நினைவில்லாமல் கிடப்பது, ஒரு பக்கக் கால்கள் பலமிழப்பது போன்றவையும் மூளைப் பக்கம் கைகாட்டுகிற அறிகுறிகள். பஞ்சுவிடம் அவை இல்லை. 'பஞ்சு' என்று அம்மா கூப்பிட்டதும், ஆடுகிற கண்களோடேயே தலையைத் திருப்பப் பார்த்தது.

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்கள், உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனை. நம் ஊரில் உண்ணி மூலம் பரவும் நோய்கள் சாதாரணம் என்பதால், எந்தத் திடீர் சுகவீனத்துக்கும் டாக்டர்கள் அதைப் பார்த்துவிடுவார்கள். பிறகு அந்தக் கேள்விகள்: "காதுக்கு ஏதாவது சொட்டு மருந்து விட்டீங்களா? வயிற்றுப்போக்குன்னு மாத்திரை கொடுத்தீங்களா? எங்கேயாவது விழுந்துச்சா? எலி மருந்து வச்சீங்களா?" சில காது மருந்துகளும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை அதிகமானாலும்கூட இதே தள்ளாட்டம் வரும் என்பதால்தான் இந்த விசாரணை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றார் அம்மா.

மதியம் ரிசல்ட் வந்தது. வயசுக்குத் தக்க சிறு ஏற்ற இறக்கம் தவிர எல்லாம் சரியாகவே இருந்தது.

"அப்போ இவனுக்கு என்னதான் டாக்டர்?"

காரணம் தெரியாத தலைசுற்றல்

டாக்டரம்மா எளிமையாகச் சொன்னார். உடம்பு நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதை மூளைக்குச் சொல்வது உள்காதில் இருக்கும் ஒரு உறுப்பு. நமக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு. இரண்டு காதும் ஒரே செய்தியைச் சொன்னால் உலகம் நிலையாக நிற்கும். ஒரு பக்கம் திடீரென்று தப்பான செய்தி அனுப்பினால், படுத்திருக்கும்போதே உலகம் சுற்றும். கண்கள் அந்தச் சுழற்சியைத் துரத்தும். வாந்தி வரும். பாதிக்கப்பட்ட பக்கம் தலை சாயும், அந்தப் பக்கமே விழும். வயதான நாய்களுக்கு இது எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று வருவதுண்டு. 'வயதான நாய்களின் வெஸ்டிபுலர் நோய்' என்பது அதற்கு மருத்துவத்தில் வழங்கும் பெயர். ஏன் வருகிறது என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

"மனுஷங்களுக்கு வெர்ட்டிகோ வரும்ல, அந்த மாதிரிம்மா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். போன வருடம் அவருக்கே வந்திருக்கிறது. கட்டிலோடு சேர்ந்து வீடே சுற்றியது. இரண்டு நாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே கிடந்தார்.

"எனக்கு அப்படி வந்தப்போ யாரும் ஊசி போட்டு அனுப்பச் சொல்லலையே டாக்டர்!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சொன்னதுதான் இந்த மாதிரி நேரங்களில் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். "காரணம் தெரியலைன்னா வழியில்லைன்னு அர்த்தம் இல்லைம்மா. முதல் ரெண்டு நாள் பார்க்கவே பயமா இருக்கும். பெரும்பாலும் மூணு நாளைக்குள்ள திரும்ப ஆரம்பிக்கும். ரெண்டு, மூணு வாரத்துல நல்லா நடமாடிடும். தலை மட்டும் கொஞ்சம் சாய்வாவே நின்னுடலாம். மூளையில எதுவும் இல்லைன்னு நூத்துக்கு நூறு சொல்ல எம்.ஆர்.ஐ. எடுக்கணும். அதுக்கு மயக்க மருந்து கொடுக்கணும், எல்லா ஊர்லயும் வசதியும் கிடையாது. நான் பார்த்த வரைக்கும் அவசரம் தெரியலை. மூணு நாள் பார்ப்போம். இன்னிக்கு எந்த முடிவும் வேணாம்."

வாந்தி நிற்க ஊசி போட்டார். தண்ணீர் குடிக்க முடியாததால் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார். இந்த நோயைக் குணமாக்கத் தனி மருந்து எதுவும் கிடையாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மீதியெல்லாம் வீட்டுப் பராமரிப்புதான்.

அந்த மூன்று நாள்

அம்மா செய்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். ஆனால், குணமானதில் பெரிய பங்கு அவற்றுக்குத்தான்.

* தரை: மொசைக், டைல்ஸ் தரையில் தள்ளாடும் நாய்க்குக் கால் ஊன்றாது. பழைய சாக்கு, கோரைப்பாய், கால்மிதி, பேத்தியின் யோகா மேட் என்று கிடைத்ததையெல்லாம் கூடத்தில் வரிசையாக விரித்தார். மாடிப்படியின் முன் நாற்காலியைக் கவிழ்த்து வைத்தார்.

* வெளிச்சம்: உள்காது ஏமாற்றும்போது நாய் கண்ணை நம்பித்தான் நிற்க வேண்டும். அதனால் இரவிலும் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

* தூக்குவது: சட்டென்று அந்தரத்தில் தூக்கினால் தலைசுற்றல் அதிகமாகி நாய் பதறும். வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தாங்கி, காலைத் தரையில் வைத்தபடியே வாசல் வரை நடத்தினார். சிறுநீர் கழித்து முடிக்கும் வரை துண்டைப் பிடித்துக்கொண்டார்.

* சாப்பாடு: முதல் நாள் எதையும் தொடவில்லை. இரண்டாம் நாள் வாந்தி நின்றபின், குழைய வேகவைத்த சாதத்தில் கொஞ்சம் தயிர் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி வாயருகே நீட்டினார். தலை நிமிர்ந்திருக்கும்போது மட்டும். வெங்காயம், பூண்டு சேர்த்த எதையும் நாய்க்குத் தரக் கூடாது. திராட்சை, சாக்லேட்டும் விஷம்தான்.

* தண்ணீர்: அகலமான, கனமான கிண்ணத்தில் கொஞ்சமாக. கிண்ணத்தை வாய் மட்டத்துக்கு உயர்த்தி, மறு கையால் தலையைத் தாங்கிப் பிடித்தார்.

* புரட்டுவது: ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப்புண் வரும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மெதுவாக நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, பக்கம் மாற்றினார். நனைந்த துணியை உடனுக்குடன் மாற்றினார்.

* நோட்டு: இதுதான் முக்கியம். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டார். நேரம், சாப்பிட்டது, குடித்தது, சிறுநீர், மலம், வாந்தி, கண் ஆட்டம், மூச்சு. தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினால் அது மூச்சு எண்ணிக்கை. தூக்கத்தில் 30-க்குள் இருக்க வேண்டும். வயதான சின்ன நாய்களுக்கு இதய வால்வு தேய்வது சகஜம் என்பதால் இந்த எண்ணிக்கை எப்போதுமே உதவும்.

நோட்டு எதற்கு? பயந்த மனதுக்கு எல்லாமே 'அப்படியேதான் கிடக்கு' என்றுதான் தோன்றும். செவ்வாய் இரவு அம்மாவும் மகனிடம் அதையேதான் சொன்னார். பெங்களூரிலிருந்து வந்திறங்கியிருந்த மகன் நோட்டை வாங்கிப் படித்தான். "இல்லம்மா. நேத்து அஞ்சு தடவை வாந்தி. இன்னிக்கு ஒண்ணுகூட இல்லை. நீயே எழுதியிருக்க, பாரு."

ராத்திரி வரும் கேள்விகள்

நாயைப் பார்த்துக்கொள்வதைவிடக் கடினமானது அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரவு. ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டியதால் காதுக்குள் தண்ணீர் போயிருக்குமோ? பழைய தயிரைக் கொடுத்துவிட்டேனோ? ஒரு வாரமாகவே கொஞ்சம் சோர்ந்திருந்ததோ, நான்தான் கவனிக்கவில்லையோ? அந்த அம்மா இரண்டு இரவும் இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதில் தெரியாத இடத்தில் மனசு தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்ளும். அதற்கு ஒரே மருந்து, அந்தக் கேள்விகளையும் நோட்டில் எழுதி மறுநாள் டாக்டரிடம் கேட்டுவிடுவது. அம்மா கேட்டார். குளித்ததாலும் தயிராலும் வந்ததில்லை என்று டாக்டரம்மா சொன்னதும் அந்த இரவுதான் கொஞ்சம் தூங்கினார்.

இன்னொன்று, ஊர் வாய். 'ஒரு நாய்க்கா இவ்வளவு?' என்று கேட்க ஆள் இருக்கும். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 13 வருடம் தினம் காலையில் முதல் முகமாகப் பார்த்த உயிர் அது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "மூணு நாள் பார்க்கச் சொல்லியிருக்காங்கண்ணே."

பணத்தைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசிவிட வேண்டும். 'எந்தச் சோதனை இன்றைக்கே அவசியம், எது காத்திருக்கலாம்?' என்று கேட்டால் டாக்டர்களே வரிசைப்படுத்திச் சொல்வார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகள் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற இடங்களில் இருக்கின்றன. பெரிய சோதனை தேவைப்பட்டால் உங்கள் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அங்கே போகலாம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் மறைக்க வேண்டாம். 'அவனுக்குத் தலை சுத்துது. டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காங்க. சத்தம் போடாம பக்கத்துல உட்காரு' என்றால் போதும். மூச்சு எண்ணும் வேலையைக் கொடுத்தால் அவர்கள் பெரியவர்களைவிடச் சரியாக எண்ணுவார்கள்.

இரவு முழுவதும் ஒருவரே விழித்திருக்கவும் கூடாது. மகன் வந்தபிறகு முறை வைத்துக்கொண்டார்கள். எழுபது வயதில் மூன்று இரவு கண்விழித்தால் அடுத்து அம்மாவை அல்லவா தூக்க வேண்டியிருக்கும்!

எப்போது காத்திருக்கக் கூடாது?

'மூணு நாள் பார்ப்போம்' என்பது டாக்டர் பார்த்தபிறகு சொல்லும் வார்த்தை. டாக்டரிடம் போகாமலேயே மூன்று நாள் பார்ப்பதற்கு இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாத் தள்ளாட்டமும் தலைசுற்றல் இல்லை. காதுக்குள் சீழ், தைராய்டு குறைவு, பக்கவாதம், மூளையில் கட்டி எல்லாமே முதலில் இப்படித் தெரியலாம்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்:

* ஈறு வெளுத்தோ, நீலமாகவோ, மஞ்சளாகவோ மாறுவது
* படுத்திருக்கும்போதே இளைப்பு, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறுவது
* ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பு, அல்லது விட்டுவிட்டு வரும் வலிப்பு
* வயிறு உப்பிக் கல் போலாவது, வாந்தி வராமலேயே குமட்டிக்கொண்டிருப்பது
* வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், மூக்கில் ரத்தம்
* முக்கியும் சிறுநீர் போகாமல் இருப்பது
* கூப்பிட்டால் நினைவில்லாதது
* 104 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அல்லது 99-க்குக் கீழே உடம்பு குளிர்வது

கருத்தடை செய்யாத வயதான பெண் நாயா? பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, சாப்பிடாமல், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் வெளியே தெரியாமலும் இருக்கும். அது உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே காட்ட வேண்டும்.

மூன்று நாள் கழித்தும் தேறாவிட்டால்?

எல்லாக் கதையும் நல்லபடி முடியாது. மூன்றாம் நாளும் ஒரு மாற்றமும் இல்லை, அல்லது மோசமாகிறது என்றால், மறுபடி டாக்டரிடம் போய் அடுத்த சோதனைகளைப் பேச வேண்டும். அப்போது அந்த நோட்டு இன்னொரு விதத்தில் கைகொடுக்கும்.

தானாகச் சாப்பிடுகிறதா? வலியில்லாமல் தூங்குகிறதா? உங்களைப் பார்த்தால் வாலின் நுனியாவது அசைகிறதா? காலண்டரில் ஒவ்வொரு நாளையும் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்துவந்தால், கெட்ட நாள்கள் தொடர்ந்து கூடிக்கொண்டே போகும்போது உண்மை தெரிந்துவிடும். மருந்தாலும் தணியாத வேதனை என்று டாக்டரும் சொன்னால், கருணை ஊசி என்பதும் அன்பான முடிவுதான். அதிக அளவு மயக்க மருந்தே அதில் செலுத்தப்படுகிறது. நாய் முதலில் நினைவிழந்து தூங்கிவிடும், அதற்குப் பிறகே இதயம் நிற்கும். பக்கத்தில் நீங்கள் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் நாய்க்குச் செய்தது அப்படிப்பட்ட முடிவுதான். அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

அந்த முடிவை நோய் தெரிந்து, நாள் கொடுத்துப் பார்த்து எடுக்க வேண்டும். முதல் நாள் காலை ஏழு மணிப் பயத்தில் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நோட்டின் கடைசிப் பக்கம்

புதன்கிழமை மாலை நோட்டில் 'கண் ஆட்டம் குறைவு' என்று எழுதப்பட்டது. வியாழன் காலை, 'கண் ஆடலை. துண்டு பிடிக்காமல் நாலு அடி.' சனிக்கிழமை பஞ்சு சுவரில் உடம்பை உரசிக்கொண்டே கூடத்திலிருந்து சமையலறை வரை போய்ச் சேர்ந்தது. மகன் ஊருக்குக் கிளம்பும்போது, தெருமுனை வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை ஐந்தரை மணி. அம்மா தாழ்ப்பாளை விலக்கிவிட்டு நின்றார். பாய்மேல் நகம் கீறும் சத்தம் கேட்டது. முன்போல ஓட்டம் இல்லை. பாயைத் தாண்டி, கால்மிதியைத் தாண்டி, தலையை இடப்பக்கம் சாய்த்தபடி பஞ்சு வந்து அவர் காலில் ஒட்டி நின்றது.

எதிர்வீட்டு மருமகள் கோலப்பொடியோடு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "என்ன அத்தை, இன்னும் கோணலாத்தான் பாக்குறான்?"

"பாக்கட்டும்டி. அவனுக்கு நான் நேரா தெரிஞ்சா சரி."

இந்த நோய் மறுபடியும் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஏன் வந்தது என்று அந்த வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. சாக்கும் பாயும் கூடத்திலேயே கிடக்கின்றன. பால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் டாக்டரின் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி, நோட்டை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்திருக்கிறார் அந்த அம்மா.